பன்னீர் திராட்சையும் ஒயின் திராட்சைதான்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது: பன்னீர் திராட்சை சாப்பிடவும் ஜூஸ் போடவும்தான் ஆகும், ஒயினுக்கு வெளிநாட்டு ரகம் வேண்டும் என்று. இதில் இரண்டு பாதியுமே தவறு. பன்னீர் திராட்சையே வெளிநாட்டு ரகம்தான். அதில் ஒயின் எடுக்கும் ஊர்கள் உலகில் பல இருக்கின்றன. சீனாவில் ஒன்று, கிரேக்கத்தில் ஒன்று, கலிபோர்னியாவில் ஒன்று என எடுத்துப் பார்த்தால், ஒரே கொடி மண்ணுக்கும் பருவத்துக்கும் பறிக்கும் நாளுக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது என்பது தெரியும். நம் விவசாயிக்கும் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் பிறப்பு. பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுச் சோதனையில் பெற்றோர் தெளிவாகிவிட்டனர். ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, மத்தியதரைக் கடலோரத்தின் பழைய வாசனைத் திராட்சை. மற்றது வட இத்தாலியின் மலைப்பகுதியில் வளரும் ஸ்கியாவா கிரோசா. இதைத்தான் ஆங்கிலேயர் பிளாக் ஹாம்பர்க் என்றார்கள். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்டு இன்றும் காய்க்கும் பெருங்கொடி இந்த ரகம்தான். இரண்டையும் இணைத்தது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், ரெஸ்ட் பார்க் மாளிகையின் கண்ணாடி வீட்டில் என்று தோட்டக்கலைப் பதிவுகள் சொல்கின்றன. காலம் 1850-ஐ ஒட்டி.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி எல்லா இடத்திலும் வந்தது. ரகம் உருவானதாகச் சொல்லப்படும் காலத்துக்கு அது முந்தைய ஆண்டு. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு கறுப்புத் திராட்சையாக இருக்க வேண்டும், அல்லது ஆண்டு பிசகியிருக்க வேண்டும். இனி எழுதுகிறவர்கள் இதைச் சரிபார்த்து எழுத வேண்டும்.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இந்தப் பழம் எதைப் பெற்றது என்று தெரிந்துகொண்டால் மற்றது எல்லாம் விளங்கும். மஸ்கட்டிடமிருந்து வாசனை. ஸ்கியாவாவிடமிருந்து பெரிய கொத்தும் நல்ல காய்ப்பும், கூடவே வெளிறிய சிவப்பும் மெல்லிய துவர்ப்பும். தோல் பார்வைக்குக் கருநீலமாக இருந்தாலும் ஒயினில் இறங்கும் சாயம் குறைவு. கேபர்னே சாவிஞோன் என்ற பிரெஞ்சு ஒயின் ரகம் போலக் கருஞ்சிவப்பாக, கனமாக ஒயின் வர வேண்டும் என்று இதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் வராது, கசப்புதான் வரும். ‘பன்னீரில் ஒயின் தேறாது’ என்று சொல்கிறவர்களில் பலர் இதனிடம் அந்தக் கருஞ்சிவப்பைத் தேடி ஏமாந்தவர்கள்.

வாசனை எங்கே இருக்கிறது என்பதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். நன்கு பழுத்த பழம் ஒன்றைப் பிதுக்கிச் சதையையும் சாற்றையும் முதலில் சுவையுங்கள்: இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, லேசான மணம். பிறகு தோலை மட்டும் வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். ரோஜாப் பன்னீர் வாடை எழும்புவது அப்போதுதான். இன்னும் மென்றால் துவர்ப்பு வரும். விதையைக் கடித்துவிட்டால் கசப்பு. இந்த ரகத்தில் ஒயின் செய்வதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு பழத்துக்குள் அடங்கிவிடுகிறது. மணம் தோலில், கசப்பும் பக்கத்திலேயே. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட வேண்டும்.

அந்த மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியோல், நெரோல் முதலிய, டெர்பீன் எனப்படும் வாசனைச் சேர்மங்கள். ரோஜா எண்ணெயிலும் ஜெரானியோல் முக்கியமான பங்கு. ஆகவே பெயர் வைத்தவர்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. நாம் பன்னீர் என்கிறோம். பெங்களூரு, கோலார் பக்கம் இதே பழம் ‘குலாபி’. சீனாவில் இதன் பெயர் ‘மெய்குய்சியாங்’, அதாவது ரோஜா மணம். ஒருவரை ஒருவர் கேட்காமலே மூன்று ஊரும் ஒரே பூவின் பெயரைச் சூட்டியிருக்கின்றன.

சீனாவிலிருந்து தொடங்குகிறேன். பெய்ஜிங்குக்குத் தென்கிழக்கே தியான்ஜின். அதன் கடலோரப் பகுதியில், உப்பும் காரமும் கலந்த மண்ணில் இந்த ரகம் பரவலாக விளைகிறது. அங்கே குளிர்காலம் கொடியைக் கொன்றுவிடும். உறங்கும் திராட்சைக் கொடி பொதுவாக மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும், அதற்குக் கீழே மொட்டும் தண்டும் கருகும். ஈரமற்ற வசந்தக் காற்றும் சேர்ந்தால் உயிர் பிழைத்த கொடியும் காய்ந்துபோகும். அதனால் இலையுதிர் காலக் கடைசியில் கவாத்து செய்து, கொடியைப் பந்தலிலிருந்து இறக்கித் தரையோடு படுக்கவைத்து மண்ணால் மூடிவிடுகிறார்கள். வசந்தத்தில் மண்ணைத் தள்ளி மறுபடி தூக்கிக் கட்டுகிறார்கள். வளைக்க வசதியாக அடித்தண்டை முதல் வருடத்திலிருந்தே சாய்த்து வளர்க்க வேண்டும். நேராக வளர்ந்த தண்டு மூன்றாம், நான்காம் ஆண்டில் வளைக்கும்போது பிளக்கும், அந்தப் பிளவு வழியாகத் தண்டுநோய் புகும். கூலியில் பெரும்பகுதி இந்த வேலைக்கே போகிறது. பலன், கொடிக்கு முழு உறக்கம் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை. பழம் முற்றும் செப்டம்பரில் இரவு குளிர்ந்துவிடுகிறது.

இந்த ஊரில்தான் 1980-ல் பிரான்சின் ரெமி மார்ட்டின் என்ற மது நிறுவனத்துடன் கூட்டாக டைனஸ்டி ஒயின் ஆலை தொடங்கியது. சீனா வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்தபின் வந்த முதல் கூட்டு நிறுவனங்களில் அது ஒன்று. அவர்கள் முதலில் விற்ற சரக்கு, மஸ்கட் ஹாம்பர்க்கிலிருந்து எடுத்த லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின். கறுப்புத் திராட்சையில் வெள்ளை ஒயினா என்று கேட்கத் தோன்றும். சதை வெளிறியது, சாயம் தோலில்; பழத்தைப் பறித்தவுடன் அழுத்திப் பிழிந்து தோலை விலக்கிவிட்டால் சாறு வெளிறியே வரும். இந்த ரகத்தின் பலவீனமான சிவப்பை நம்பாமல் அதன் மணத்தை மட்டும் விற்றது புத்திசாலித்தனமான முடிவு என்பது என் கருத்து. அதே நாட்டில் குளிர் தாங்கும் அமூர் காட்டுத் திராட்சையுடன் இதைக் கலந்து, மண்மூடல் தேவைப்படாத ஒயின் ரகங்களையும் உருவாக்கினார்கள். ‘பெய்சுன்’ அவற்றில் ஒன்று.

கிரேக்கத்தில் இது போய்ச் சேர்ந்த இடம் தெசலி சமவெளியின் திர்னாவோஸ். ஒலிம்பஸ் மலைக்குத் தெற்கே, கோடையில் கொளுத்தும் ஊர். இங்கே இதை மாவ்ரோ மொஸ்காட்டோ, கறுப்பு மஸ்கட் என்பார்கள். ரோஜா நிற ஒயினும் மெல்லிய சிவப்பு ஒயினும் எடுக்கிறார்கள். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பிழிந்த சக்கையிலிருந்து வடிக்கும் சிபுரோ என்ற சாராயம். மேலே சொன்ன கணக்கு இங்கே நன்றாகப் பொருந்துகிறது: மணம் தோலில் இருக்கிறது, சக்கை என்பது பெரும்பாலும் தோல். இன்னொன்றும் உண்டு. டெர்பீன்களில் பெரும்பகுதி பழத்துக்குள் சர்க்கரையோடு பிணைந்து வாசனையற்றுக் கிடக்கிறது. கொப்பரையில் புளிப்பான சக்கை சூடேறும்போது அந்தப் பிணைப்பு அறுந்து மணம் வெளிவருகிறது. வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைத் தனியே ஒதுக்காவிட்டால் வார்னிஷ் நெடி ஏறும். கடைசிப் பகுதியைச் சேர்த்தால் ஈரச் சாக்கு வாடை. சக்கையை மூடாமல் இரண்டு நாள் வெயிலில் போட்டுவைத்தாலும் காடி பிடித்துப் போகும்.

பிரான்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே இது சாப்பாட்டு மேசைப் பழம். புரோவான்ஸில் வென்டூ மலையின் தென்சரிவில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க்குக்கு 1997-ல் ‘மஸ்கட் டு வென்டூ’ என்ற இடப்பெயர் உரிமை கிடைத்தது. பக்கத்து ஊரான போம் து வெனீஸ் புகழ்பெற்ற இனிப்பு ஒயினுக்குச் சிறுமணி மஸ்கட்டைத்தான் பயன்படுத்துகிறது, இதைச் சேர்ப்பதில்லை. அதே வட்டாரத்திலேயே இரண்டு மஸ்கட்டுக்கு இரண்டு வேலை. நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் கொத்தைக் கையாளும் விதம். கொத்தின் காம்பைப் பிடித்தபடி கத்தரிக்கோலால் வெடித்த பழம், நிறம் ஏறாத பழம், மிளகளவில் நின்றுபோன பிஞ்சு எல்லாவற்றையும் ஒன்றொன்றாக வெட்டி எடுக்கிறார்கள். பழத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளை மாவு கைபட்டு அழியக் கூடாது என்பதற்காகவே காம்பைப் பிடிக்கிறார்கள்.

அந்த மிளகுப் பிஞ்சு இந்த ரகத்தின் பிறவிக் குறை. பழைய ஆங்கிலக் கண்ணாடி வீட்டுத் தோட்டக்காரர்களே இது சரியாகக் காய் பிடிக்காது, கையால் மகரந்தம் தட்டிவிட வேண்டும் என்று அலுத்துக்கொண்டார்கள். பூக்கும் வாரத்தில் மழையோ குளிரோ வந்தாலும், துத்தநாகம், போரான் குறைந்தாலும் கொத்தில் பாதி பிஞ்சாகவே நிற்கும். ஒயினுக்குப் போகும் கொத்தில் அந்தப் பச்சைப் பிஞ்சுகள் கூடவே நசுங்கினால் புல் வாடையும் கசப்பும் வரும்.

கலிபோர்னியாவின் மடேரா, சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மழையில்லாத கோடை, சுட்டெரிக்கும் வெயில். அங்கே குவேடி ஆலை இந்தப் பழத்தில் ‘எலிஸியம்’ என்ற இனிப்புச் சிவப்பு ஒயின் தயாரிக்கிறது. ஆல்கஹால் 15 சதவீதம். வெயில் ஊரில் பழத்தின் புளிப்பு எரிந்து சர்க்கரை மிஞ்சிவிடும். அதை முழுவதும் நொதிக்கவிட்டால் சப்பென்ற, சூடான ஒயின்தான் கிடைக்கும். அதனால் இவ்வகை ஒயினில் நொதித்தலைப் பாதியில் நிறுத்தத் திராட்சைச் சாராயம் சேர்ப்பார்கள். கணக்கு எளிது. நொதித்துக்கொண்டிருக்கும் 100 லிட்டர் சாற்றில் ஆல்கஹால் 4 சதவீதம், நமக்கு வேண்டியது 16, சேர்க்கும் சாராயம் 77 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 16-லிருந்து 4 போக 12. 77-லிருந்து 16 போக 61. 100-ஐ 12-ஆல் பெருக்கி 61-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.7 லிட்டர் சாராயம். 14-ஐ ஒட்டி நிறுத்திவிட்டால் ஆபத்து: தாங்குதிறன் உள்ள ஈஸ்ட் பாட்டிலுக்குள் மீண்டும் கிளம்பும். சாராயத்தை ஊற்றிவிட்டுக் கலக்காமல் விட்டாலும் அது மேலே மிதக்க, கீழே நொதித்தல் தொடரும்.

இப்போது கம்பம். சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி வட்டாரத்தில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்துக் கத்தரிதான் அதை எழுப்புகிறது. டிசம்பர், ஜனவரியில் நான்கு மொட்டு விட்டு வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் ஒரு அறுவடை. மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்று. பந்தல் முறை, நெருக்கமான நடவு, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 டன் வரை மகசூல். தியான்ஜினில் மண்ணைத் தோண்டி எழுப்பும் கொடிக்கும் இதற்கும் மரபணுவில் வேறுபாடு இல்லை. கணக்கு வேறுபடுவது இலைக்கும் பழத்துக்கும் உள்ள விகிதத்தில்தான். அத்தனை கொத்துக்கும் சர்க்கரை ஊட்ட இலை போதாது. பந்தல் மேலே அடர்ந்தால் உள்ளே நிழல். நிழலில் சாயமும் மணமும் குன்றும். நிழலில் பொட்டாசியமும் பழத்தில் அதிகமாகச் சேர்ந்து சாற்றின் பிஹெச் (புளிப்பின் அளவு; எண் ஏறினால் புளிப்பு குறைவு) 3.8-ஐத் தாண்டும். அந்த பிஹெச்சில், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பர் டை ஆக்சைடு சரியாக வேலை செய்யாது, ஒயின் சீக்கிரம் கெடும்.

இதோடு வியாபாரி அவசரம் சேர்கிறது. நிறம் ஏறினால் போதும் என்று பறித்துவிடுகிறார்கள். நிறம் முதலில் வரும், சர்க்கரை பின்னால் வரும், மணம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். 17 பிரிக்ஸில் (பிரிக்ஸ் என்பது சாற்றின் சர்க்கரை அளவு) பறித்த பழத்தை முழுவதும் நொதித்தால் ஆல்கஹால் ஒன்பதரை சதவீதத்தைத் தாண்டாது, மணமும் இருக்காது. 21, 22 வரை நிறுத்தினால் 12 சதவீதத்தை ஒட்டி வரும், தோலில் பன்னீர் நிறைந்திருக்கும். வெட்டிய கிளைக்கு இரண்டு கொத்து, பலவீனக் கிளைக்கு ஒன்றுகூட வேண்டாம் என்று காய் பிடித்ததும் குறைத்துவிட வேண்டும். பழம் நிறம் மாறும்போது கொத்தைச் சுற்றி இரண்டு மூன்று இலையைக் கிள்ளி வெளிச்சம் விட வேண்டும். முற்றிலும் மொட்டையாக்கினால் ஏப்ரல் வெயிலில் பழம் வெந்துபோகும். ஒயினுக்கு எந்தப் போகம் என்று கேட்டால் நான் தயங்காமல் கோடைப் போகத்தைச் சொல்வேன். புளிப்பு குறைவது உண்மை, அதற்கு லிட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் டார்டாரிக் அமிலம் போதும். மழையில் வெடித்து அழுகிய பழத்துக்கு மருந்தே கிடையாது.

ஆலையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பறித்த பழத்தைக் காம்பு நீக்கி, விதை உடையாமல் நசுக்கி, 10 முதல் 12 டிகிரிக்குக் குளிர்வித்து, வெள்ளை ஒயினுக்கு உடனே பிழிந்துவிடலாம், ரோஜா நிறத்துக்கு ஒரு பகல் அளவு தோலோடு வைக்கலாம். மெல்லிய சிவப்பு வேண்டுமானால் நொதித்தலில் மூன்று அல்லது நான்கு நாள். ஐந்தாம் நாள் கிடைப்பது கசப்பு மட்டுமே. 100 லிட்டருக்கு 9 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடு கிடைக்கும். நொதித்தல் 14 முதல் 16 டிகிரியில் மெதுவாக நடக்க வேண்டும். 30 டிகிரியில் கொதித்தெழுந்தால் வெளியேறும் வாயு மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அறை முழுவதும் பன்னீர் வாசனை வீசுகிறது என்றால் அது ஒயினில் இல்லை என்று பொருள்.

பிணைந்து கிடக்கும் மணத்தை விடுவிக்க குளுக்கோசிடேஸ் என்ற நொதி விற்கிறார்கள். அதைத் தொடக்கத்தில் போடுவது வீண் செலவு. சாற்றில் உள்ள குளுக்கோஸ் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும், சர்க்கரை தீர்ந்தபின்தான் சேர்க்க வேண்டும். மணம் போதிய அளவு வந்ததும் பென்டோனைட் களிமண்ணால் நொதியை நிறுத்த வேண்டும். இனிப்பு மிச்சம் உள்ள ஒயினைக் காக்க சோர்பேட் என்ற பாதுகாப்புப் பொருள் போடுகிறவர்கள் சல்பர் அளவைக் குறைத்துவிடக் கூடாது. லாக்டிக் பாக்டீரியா சோர்பேட்டைத் தின்றால் கசக்கிய ஜெரேனிய இலையின் நெடி வரும், அதைப் பிறகு எதனாலும் நீக்க முடியாது. தயாரான ஒயினை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டுக்குள் குடித்துவிட வேண்டும். லினலூல் நாளடைவில் மணம் குறைந்த வேறு சேர்மமாக மாறும். 35 டிகிரிக் கிடங்கில் சில மாதங்களே போதும். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் ஒயின் மேம்படும் என்பது இந்த ரகத்துக்குப் பொருந்தாது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்வது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே மேலே சொன்னதெல்லாம் உரிமம் பெற்ற ஆலைகளுக்கும் அவற்றுக்குப் பழம் கொடுக்கும் விவசாயிகளுக்கும்தான்.

கடைகளில் ‘போர்ட்’ என்ற பெயரில் கிடைக்கும் மலிவான இந்திய இனிப்பு ஒயினைக் குடித்துவிட்டு இதுதான் பன்னீர் திராட்சை ஒயின் என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் பெங்களூர் நீலம், அதாவது இசபெல்லா ரகம். அதன் மணம் மீத்தைல் ஆந்த்ரனிலேட் என்ற வேறு சேர்மத்தால் வருவது. திராட்சை மிட்டாய் வாசனை என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை நிலவரம் வெளியிடும்போது கிலோ விலைக்குப் பக்கத்தில் அந்தப் பழத்தின் பிரிக்ஸையும் வெளியிட முடியுமா என்று பாருங்கள். 17-க்கும் 21-க்கும் ஒரே விலை என்றால் எந்த விவசாயி பத்து நாள் கூடுதலாகக் கொடியில் விட்டு மழைக்குப் பயந்துகொண்டிருப்பார்?

அளப்பதில் ஏமாற்றம் வராதிருக்க ஒன்று சொல்லி முடிக்கிறேன். கொத்தின் மேல்தோளில் ஒரு பழத்தைக் கிள்ளி, பிரிக்ஸ் அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. மேல்தோள் பழம் முந்திப் பழுக்கும், நுனிப் பழம் பின்தங்கும். தோட்டம் முழுக்க நடந்து, மேல், நடு, நுனி, வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் எனக் கலந்து 100 பழம் எடுத்து, ஒன்றாகப் பிசைந்து வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். கருவி 20 டிகிரி வெப்பத்துக்கு அளவிடப்பட்டது. தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத கருவியை 35 டிகிரி வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒரு பிரிக்ஸ் அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அளக்கவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உத்தமபாளையம்.